பன்னெண்டாம் தொட்டிக் குடித்தனம்

வா தாயி, வா. செருப்பை வாசல்லயே விட்டுரு, உள்ள பூராவும் உப்புத் தண்ணி. பையை அங்க மாட்டாத. அந்த ஆணியில வேண்டாம், அது என் ஆணி. சன்னல்ல வச்சிக்க, காத்தாட இருக்கும். உக்காரு, ஏன் நிக்க? ஐய, ஸ்டூல்ல வேண்டாம். அதுக்கு ஒரு கால் ஆடும், எனக்குத்தான் அதுல உக்காரத் தெரியும். அந்தா வாளி இருக்கு பாரு, அதைக் கவுத்திப் போட்டு உக்காரு. சிவப்புத் துணி கட்டுன வாளி இல்ல பிள்ள, அது என் வாளி. பக்கத்துல உள்ளது.

ஆங். இப்ப சௌரியமா இருக்குல்லா?

பேரு என்ன சொன்ன? செண்பகவல்லியா? நல்ல பேரு. நான் மிக்கேலம்மா. இந்தக் கடல் ஆராய்ச்சி ஆபீஸ்ல, இந்தத் தொட்டி ரூமுக்கு வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு. இருவத்தி நாலு கண்ணாடித் தொட்டி. காலையில ஏழு மணிக்கு பம்பைப் போட்டுக் கடல் தண்ணி ஏத்தணும். பழைய தண்ணியை டியூப் விட்டு உறிஞ்சி எடுக்கணும். எல்லாத் தொட்டியிலயும் காத்துக் குமிழி வருதான்னு பாக்கணும். மட்டிச் சதையைப் பொடிசா நறுக்கிப் போடணும். இவ்வளவுதான் வேலை. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், கொஞ்சம் கூறு இருந்தாப் போதும்.

என்ன? சொல்ல வந்ததை அப்புறமாச் சொல்லு. நான் முதல்ல சொல்லிருதேன்.

நேத்து பெரிய சார் என்னைய ரூமுக்குக் கூப்பிட்டாக. கூப்பிட்டு, கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாக. அவுக கண்ணாடியைக் கழட்டுனா நல்லதுக்கு இல்ல. "மிக்கேலம்மா, உங்க ரூமுக்கு ஆள் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. மாகாளி போயாச்சு. அதுக்கு அப்புறம் வந்த பிள்ளை ஒம்பதே நாள்ல அழுதுக்கிட்டு வந்து நிக்குது. நாளைக்கு வாரது மூணாவது ஆளு. அதுவும் போச்சுன்னா இனி ஆளை மாத்த மாட்டேன், உங்களைத்தான் மாத்துவேன். கேட்டுல உக்காந்து வார வண்டி போற வண்டி நம்பர் எழுதுங்க"ன்னுட்டாக.

கேட்டுல! யாரு? நான்! பத்தொம்பது வருசம் நட்சத்திர மீனையும் கடல் குதிரையையும் பாத்த கண்ணு, இனி லாரி நம்பர் பாக்கணுமாம். எனக்கு ராத்திரி பூரா சோறு செரிக்கல பிள்ள.

அதான் உன்ட்ட முதல்லயே சொல்லிருதேன், ஓடிராத. நான் ஒண்ணும் கடிச்சுத் திங்க மாட்டேன். எனக்கு இந்த ரூமை விட்டா வேற போக்கிடம் இல்ல. வீடு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அங்க மருமக ராஜ்யம். அவ நல்லவதான், ஒரு வார்த்தை அதிகமாப் பேச மாட்டா. என் டப்பா எல்லாத்தையும் பரணுக்கு ஏத்திட்டா. என் சேலை எந்தக் கொடியில கிடக்குன்னு எனக்கே தெரியாது. அடுப்படிக்குள்ள கால் வச்சா, "என்ன வேணும் அத்தை?"ன்னு சிரிச்ச முகமாக் கேப்பா. என் வீட்டு அடுப்படியில என்ட்ட என்ன வேணும்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? தண்ணின்னு சொல்லி ஒரு செம்பு வாங்கிக் குடிச்சிட்டு வெளிய வந்துருவேன். இங்க வந்து கதவைத் தொறந்து, பையை என் ஆணியில மாட்டி, என் ஸ்டூல்ல உக்காந்தாத்தான் எனக்கு மூச்சே வரும். வெக்கம் என்ன, உள்ளதைச் சொல்லுதேன்.

சரி, மாகாளி கதைக்கு வாரேன். ஆளுக்கு ஒரு விதமா உன் காதுல போட்டுருப்பாக. நடந்ததை நடந்தபடி நான் சொல்லுதேன் கேளு.

உச்சிமாகாளி இங்க வந்தது போன ஐப்பசியில. மீன் தீவன செக்சனை மூடிட்டாகல்லா, அங்க இருந்தவ. என்னைவிடப் பத்து வயசு இளையவ. நல்ல வாட்டசாட்டமான ஆளு, சிரிச்சா அடுத்த கட்டடத்துக்குக் கேக்கும். வந்த அன்னைக்கே சுத்தியலோட வந்தா பாத்துக்க. "எக்கா, எம் பைக்கு ஒரு ஆணி அடிச்சுக்கிடுதேன்"னா. என்ட்ட கேட்டான்னு நினைக்காத. சொல்லிக்கிட்டே அடிச்சிட்டா. என் ஆணிக்கு ஒரு சாண் தள்ளி. ஒரே சாண்!

வீட்டுக்கு வந்த ஆளை முதல் நாளே முகம் சுளிக்கிற மாதிரிப் பேசலாமா? அவ போன பிறகு குறடை வச்சுப் பிடுங்கிட்டேன். சுவரு உப்புக் காத்துல பொரிஞ்சு போய்க் கிடக்கு, ரெண்டு ஆணி தாங்காது. சுவரு நல்லதுக்குத்தான் செஞ்சேன். மறுநாள் மறுபடியும் அடிச்சா. நான் மறுபடியும் பிடுங்குனேன். மூணாவது தடவை அவ அடிக்கல. பையைத் தூக்கிச் சன்னல்ல வச்சா. இப்ப உன் பை இருக்குல்லா, அதே இடத்துல.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்தா. அதுக்கு இங்க எங்க இடம்? நீயே பாரு. நான் அதைத் துடைச்சு, பெரிய சார் ரூம் வராந்தாவுல கொண்டுபோய்ப் போட்டேன், வாரவுக போறவுக உக்காரட்டும்னு. அதுக்கும் அவ மூஞ்சி தூக்கல. வாளியைக் கவுத்திப் போட்டு உக்காந்தா. நீ உக்காந்திருக்கியே அதே வாளி.

தொட்டியையும் நேர் பாதியாத்தான் பிரிச்சுக் கொடுத்தேன். ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரை அவளுக்கு, மிச்சம் எனக்கு. அப்புறம் பன்னெண்டாவது கொஞ்சம் என் பக்கமா இருக்குன்னு தோணுச்சு, எடுத்துக்கிட்டேன். பதினொண்ணு இல்லாம பன்னெண்டு மட்டும் எப்படித் தனியா வரும்? அதையும் எடுத்துக்கிட்டேன். அவ வேலையைக் கொறச்சுதான குடுத்தேன்! அதுக்கு ஒரு நன்றி உண்டா? "எக்கா, நாளைக்கு எத்தனாவது நம்பரு?"ன்னு கேட்டுச் சிரிக்கா.

இந்த நேரத்துலதான் மதி வந்துச்சு. மதிவதனி, மெட்ராஸ்ல இருந்து ஆராய்ச்சி பண்ண வந்த பிள்ளை. அதை நீ பாத்துருப்ப, கண்ணாடி போட்டுக்கிட்டு, தலையைப் பென்சிலால கொண்டை போட்டுருக்கும். அது என்ன ஆராய்ச்சின்னு நினைக்க? புழு.

இங்க வா, எந்திரி, பாரு. இந்தா நட்சத்திர மீனு. இதை இப்படி மல்லாத்துனேன்னா, கைக்கு அடியில பள்ளம் ஓடுதா? அந்தப் பள்ளத்துக்குள்ள பாரு. தெரியலையா? நல்லாப் பாரு. அந்தா நெளியுதுல்லா! அதான். செதில் புழுன்னு மதி சொல்லும். முதுகுல ரெண்டு வரிசையா, ஓடு வேய்ஞ்ச மாதிரி செதிலு. மீனு என்ன நிறமோ அதே நிறத்துல இருக்கும், கண்ணுல மண்ணைத் தூவிரும். நான் அதைக் குடித்தனக்காரன்னுதான் சொல்லுவேன். மீனுதான் வீடு. இவன் அதுல குடியிருக்கான். மீனு திங்கிறதுல ஒட்டுனது சிந்துனதைத் தின்னுக்கிடுவான். வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வேற எதுவும் மீனைக் கடிக்க வந்தா இவன் போய்த் திருப்பிக் கடிப்பானாம். அந்த மட்டுக்கு நல்ல பயதான்.

ஆனா ஒண்ணு. ஒரு வீட்டுக்கு ஒரு குடித்தனம்தான். ரெண்டாவது புழு வந்துச்சோ, விட மாட்டான்.

மதி அதைத்தான் பாக்க வந்துச்சு. ஒரு மீனுல ஒரு புழு இருக்கும். இன்னொரு புழுவைப் பிரஷ் முனையில எடுத்து அதே மீனு மேல விடும். விட்டுட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். முதல்ல ரெண்டும் மீசையால தொட்டுப் பாத்துக்கிடும், மோந்து பாக்குற மாதிரி. அப்புறம் பழைய ஆளு பல்லை வெளிய நீட்டி ஒரு கடி கடிக்கும் பாரு, என் மாதாவே! செதில் எல்லாம் பொலபொலன்னு உதுரும். புதுசு ஓடும். இது விரட்டிக்கிட்டே போய்ப் பின்னால கடிக்கும். கை நுனி வரைக்கும் விரட்டி, கீழ தள்ளிட்டுத்தான் திரும்பும். மதி காயத்தை எல்லாம் எண்ணி நோட்டுல எழுதும். "காயம் எல்லாம் வாலுப் பக்கம்தான் மிக்கேலம்மா, ஓடுறப்ப வாங்குனது"ன்னு சொல்லும்.

நான் தொட்டிக்குப் பக்கத்துல போய் அந்தப் பழைய புழுவைத் திட்டுவேன். "ஏ மூதேவி, அம்மாம் பெரிய மீனு, அஞ்சு கை இருக்கு. ஆளுக்கு ரெண்டரைன்னு வச்சிக்கிட்டா கொறஞ்சா போயிருவ? பாவம் அது எங்க போகும்?"னு கேப்பேன். மாகாளி வாளியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா, சாப்பாட்டுக்கு. ஒருநாள் சொல்லுதா, "எக்கா, அது உங்க சொந்தக்காரன்லா, நீங்க சொன்னா கேக்கும்"னு. சொல்லிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. என்னத்துக்குச் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அவளுக்குக் கொஞ்சம் கிறுக்குக் கோட்டி உண்டு.

என்ன தாயி, என்னமோ சொல்ல வார. இரு, இனிமேத்தான் முக்கியமான கட்டம்.

பன்னெண்டாம் தொட்டியில விட்ட ரெண்டாவது புழு, பொடிசு. வெளுத்துப் போய், ஏற்கெனவே வாலு கடிபட்டு, பாக்கவே சகிக்காது. முதல் நாள் காலையில நான் வந்து பாக்கேன், அடியில கண்ணாடி மூலையில முட்டிக்கிட்டு நிக்குது. எல்லாத் தொட்டியிலயும் தோத்தது அப்படித்தான் நிக்கும். ஆனா அதுக எல்லாம் கல்லுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிடும். இது மட்டும் மீனையே பாத்துக்கிட்டு நிக்குது. உள்ள போகவும் விட மாட்டேங்கான், வெளிய போகவும் வழி இல்ல. எனக்கு அதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியல. ஏன்னு கேக்காத. எனக்கே தெரியல.

மதி சொல்லித்தான் இருந்துச்சு: "மிக்கேலம்மா, தண்ணி மட்டும் மாத்துங்க, எதையும் தொட்றாதீங்க"ன்னு. நான் தொடல பிள்ள. சத்தியமாத் தொடல. ஸ்பூனால எடுத்தேன். எடுத்து, மீனோட அந்தக் கடைசிக் கையில, பழைய ஆளு கண்ணுல படாத இடமாப் பாத்து வச்சேன். "சத்தம் போடாம இருந்துக்க"ன்னும் சொன்னேன்.

பத்து மணிக்கு மதி வந்துச்சு. அது ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து மணிக்குத்தான் எண்ணும். பன்னெண்டாம் தொட்டியைப் பாத்துச்சு. கண்ணாடியைத் தொடைச்சிட்டு மறுபடியும் பாத்துச்சு. "ரெண்டும் இருக்கு!"ன்னுச்சு.

மறுநாளும் மூலையில நின்னுச்சு. மறுநாளும் எடுத்து வச்சேன். இப்படிப் பதினோரு நாள். தினம் காலையில வந்ததும் அதை ஏத்தி விடுறதுதான் எனக்கு முதல் வேலை. நாலு நாள் பழகுனா ரெண்டும் ஒண்ணுமண்ணா ஆயிரும்னு நினைச்சேன். புதுசா வந்ததைப் பழையவுக கொஞ்சம் அனுசரிச்சுக்கிட்டா என்ன? அந்தப் பழைய புழுவுக்கு அந்தக் கூறு வரவே இல்ல.

மதிக்குத் தலைகால் புரியல. இருவத்தி மூணு தொட்டியில விரட்டி விடுது, ஒரு தொட்டியில மட்டும் ரெண்டும் குடித்தனம் நடத்துதுன்னா சும்மாவா? பன்னெண்டாம் தொட்டித் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு உப்பு பாத்துச்சு, சூடு பாத்துச்சு. சன்னல் வெளிச்சம் எந்நேரம் விழுதுன்னு அளந்துச்சு. மெட்ராஸுக்குப் போன் போட்டு, "சார், இங்க சேந்து வாழுது சார்!"னு குதிச்சுச்சு. என்னையக் கட்டிப் பிடிச்சு, "உங்க தொட்டி ராசி மிக்கேலம்மா"ன்னுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அது நிசம்தான, என் தொட்டிதான?

அது இத்தோட விட்டுருக்கலாம். பதினோராம் நாளு, ரெண்டும் எப்படி ஒத்துமையா இருக்குன்னு படம் பிடிக்கணும்னு, சாயங்காலம் போகும்போது தொட்டி ஓரத்துல காமிரா ஒண்ணை மாட்டி வச்சிட்டுப் போயிருக்கு. என்ட்ட சொல்லல. சொல்லியிருந்தா நான் அன்னைக்கு ஒருநாள் சும்மா இருந்துருப்பேன்.

படத்துல என்ன விழுந்துச்சு? ராவெல்லாம் கடி. பொடிசு கீழ விழுகிறது. அப்புறம் விடிஞ்ச பிறகு மேல இருந்து ஒரு ஸ்பூன் இறங்குது. புழுவை அள்ளுது, மீனு மேல வைக்குது, போயிருது. ஆள் தெரியல. நீல மேல்சட்டைக் கை மட்டும் கொஞ்சம். அது எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நீலம்.

ஆனா ஸ்பூன் தெரிஞ்சுச்சு. வளைஞ்ச காம்பு, காம்புல ஒரு பூ. அது மாகாளி ஸ்பூன். தினம் தயிர் சோத்துக்கு அவ வச்சிருக்கிறது.

ஏன் அவ ஸ்பூனை எடுத்தேன்னு கேக்க. நல்லா இருக்கே! என் ஸ்பூனைப் புழுத் தண்ணியில முக்கிட்டு அப்புறம் நான் எதுல சாப்பிட?

பெரிய சார் ரூம்ல எல்லாரையும் நிக்க வச்சாக. மதி அழுதுக்கிட்டு நிக்கு. சார் படத்தைப் போட்டுக் காட்டி, "இது யாரு ஸ்பூன்?"னு கேட்டாக. கழட்டுன கண்ணாடி மேசையில இருந்துச்சு. மாகாளி படத்தைப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. நான் அவ செருப்பையே பாத்துக்கிட்டு நின்னேன். "என் ஸ்பூன்தான் சார். நான்தான் எடுத்து வச்சேன்"னா.

பாத்தியா, எப்படி முந்திக்கிட்டான்னு! நான் வாயைத் தொறந்தேன் தாயி. மாதா சாட்சியாத் தொறந்தேன். அதுக்குள்ள அவ சொல்லி முடிச்சாச்சு. நடுவுல பூந்து பேசுறது எனக்குப் பழக்கம் கிடையாது.

மதி கேட்டுச்சு, "எத்தனை நாள் வச்சீங்க? எந்தெந்தத் தொட்டியில?"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்? முழிச்சா. "ஞாபகம் இல்ல பாப்பா"ன்னா. அவ்வளவுதான், இருவத்தி நாலு தொட்டிக் கணக்கும் சந்தேகம்னு ஆயிப்போச்சு. ரெண்டு மாசத்து வேலை. அந்தப் பிள்ளை நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வந்துச்சு. வார திங்கக்கிழமை முதல்ல இருந்து தொடங்குதாம். இளைச்சுக் கறுத்துப் போச்சு.

மாகாளியை இறால் குஞ்சுத் தொட்டிப் பக்கம் மாத்திட்டாக. தகரக் கொட்டகை, மத்தியானம் ஆனா தலை வெடிச்சுரும் வெயில்ல. போற அன்னைக்கு என்ட்ட ஒரு வார்த்தை சொல்லல பிள்ள, அதான் எனக்கு ஆத்தாமை. பையை எடுத்தா, வாளியை நிமித்தி வச்சா, போயிட்டா. ஸ்பூனைக் கூட எடுக்கல. அந்தா, சோப்பு டப்பாவுல கிடக்கு பாரு. நான் தினம் கழுவித்தான் வைக்கேன்.

இப்ப இங்க ரொம்ப வசதிதான். இருவத்தி நாலு தொட்டியும் என்னுது. சத்தம் இல்ல, சிரிப்பு இல்ல, வெங்காய வாடை இல்ல. பொடிசுக்கு மதி தனி மீனு ஒண்ணு குடுத்துருச்சு, அது நல்லா இருக்கு. பன்னெண்டுல அந்தப் பழைய பய மட்டும் இருக்கான். ஜெயிச்சிட்டான்லா. இப்ப பாரு, ஒரு கைக்கு அடியில சுருண்டு கிடக்கான். மத்த நாலு கையும் சும்மா கிடக்கு. அதுக்கா இந்தப் பாடு? அவனைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது. சில நாள் சாப்பாட்டுத் தூக்கைத் தொறந்து வச்சிக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு இருந்துருவேன். சோறு ஆறிப்போகும்.

சரி, கதை முடிஞ்சுச்சு. இப்ப நீ சொல்லு, என்னமோ சொல்ல வந்தியே.

என்ன, பையை எடுக்க? எங்க போற? ஏ பிள்ள, போகாத! நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஸ்டூல் வேணும்னா கேளு, யோசிச்சுச் சொல்லுதேன். போயிராத தாயி, என்னையக் கேட்டுக்கு அனுப்பிருவாக.

ஓ, போகலையா. பைக்குள்ள இருந்து எடுக்கியா. என்னது இது? ஊறுகாயா? நார்த்தங்காய்.

யாரு குடுத்து விட்டா?

மாகாளியா?

நீ இறால் கொட்டகையில இருந்தா வார? அதை ஏன் முதல்லயே சொல்லல? ஆமா, நான் எங்க சொல்ல விட்டேன். அவ நல்லா இருக்காளா? வெயிலு தாங்குதாளா? சரி, என்ன சொல்லி விட்டா? உள்ளபடி சொல்லு. ஒண்ணையும் மறைக்காத.

"மிக்கேலக்கா பேச்சைக் கேட்டுப் பயந்துராத, ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. அந்த ரூமை விட்டா அக்காவுக்கு உலகத்துல வேற இடம் இல்ல. நீயும் ஓடிட்டேன்னா அதையும் பிடுங்கிருவாக"ன்னா சொன்னா?

அப்படியா சொன்னா?

அவளா கேட்டு உன்னைய இங்க போடச் சொன்னா? பெரிய சார்ட்ட அவளே போய்க் கேட்டாளா?

நான் அவட்ட என் வீட்டுக் கதையை ஒரு நாளும் சொன்னதில்ல பிள்ள. ஒரு நாளும். அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

ஒண்ணும் இல்ல, இரு. கண்ணுல உப்புத் தண்ணி தெறிச்சிருச்சு. இல்ல, தெறிக்கல. அழுதேன்தான். அவ எனக்காகத்தான் சொன்னா. நான் ஒரு ஆணியைத் தாங்கிக்கிடல, அவ என் தப்பையே தாங்கிக்கிட்டா. அவளைத்தான் நான் முந்திக்கிட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். இந்த ஒரு மாசமா.

இன்னைக்கு என்ன கிழமை? வெள்ளியா? அப்ப மதி இன்னும் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுருக்காது. நல்லாக் கேட்டுக்க, நான் மறந்தாலும் நீ ஞாபகம் வச்சிக்க: பன்னெண்டாம் தொட்டி மட்டும்தான். பதினோரு நாளும், படம் பிடிச்ச அன்னைக்கும். மத்த இருவத்தி மூணுலயும் ஒரு ஸ்பூனும் போகல. அந்தக் கணக்கு எல்லாம் சுத்தம். இதைச் சொல்ல உலகத்துல என்னைய விட்டா ஆளு இல்ல.

அந்த ஸ்பூனை எடு. துணியில சுத்திக் குடு, அப்படியே கொட்டகைக்கும் போயிட்டு வாரேன். அவ தயிர் சோத்தைக் கையாலயா திங்கா இத்தனை நாளா?

முதல்ல பெரிய சார் ரூமு. கண்ணாடியைக் கழட்டுனாக் கழட்டட்டும். கேட்டுக்குப் போன்னா போறேன். லாரி நம்பர் எழுதத் தெரியாதா எனக்கு?

இரு, என் பையை ஆணியில இருந்து எடுத்துக்கிடுதேன். ம். இப்ப உன் பையைக் கொண்டா. இதுல மாட்டு. நல்லா அழுத்தி மாட்டு, விழாது. சுவரு உறுதியாத்தான் இருக்கு, நான் சும்மா சொன்னேன்.

வாளியில ஏன் உக்காந்திருக்க? எந்திரி. ஸ்டூல்ல உக்காரு. அந்த ஆடுற காலைச் சுவரு பக்கமாத் தள்ளி வச்சிக்கிட்டா ஒண்ணும் செய்யாது.